எழுத்தைத் தொழிலாக்கி ஓராண்டு: வலைப்பதிவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையத்தில் தமிழில் எழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டு முதல் ஆண்டை முடித்தவர்கள், கணக்குப் பார்க்க உட்காரும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பணம், வரி, சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவில் இருந்து எழுதுபவர்களுக்கானவை.

ஒரு வருடம் ஓடிவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

எழுதியவை அனைத்தையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருவதிலிருந்து தொடங்குங்கள். தலைப்பு, வெளியான நாள், சொந்தத் தளத்துக்கா வாடிக்கையாளருக்கா என்பது, ஆன நேரம், வந்த பணம் ஆகியவை இருந்தால் போதும். நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதங்களே முழு ஆண்டாகத் தோன்றும். நன்றாக ஓடிய ஒரு கட்டுரையும் மனத்தைப் புண்படுத்திய ஒரு வாடிக்கையாளரும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்கள்.

அட்டவணைக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: தரவுகளைத் தரவிறக்கி வைப்பது. உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோல், கடந்த 16 மாதங்களின் தேடல் தரவை மட்டுமே காட்டும். அதற்கு முந்தையது திரும்பக் கிடைக்காது. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு, விரிவான ஆய்வு அறிக்கைகளுக்கான தரவை இயல்பாக 2 மாதம் வரையே வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் சென்று அதை 14 மாதமாக மாற்றலாம். இதைச் செய்யாமல் விட்டால், அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஆண்டுக் கணக்கை டிசம்பரில் முடிப்பதா, மார்ச்சிலா?

மார்ச் மாதத்தையே பரிந்துரைக்கிறேன். வருமான வரிக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால் பணக்கணக்கை எப்படியும் அப்போது முடிக்க வேண்டியிருக்கும். அதோடு, தமிழ் வாசகரின் தேடல் ஆடியில் சூடுபிடித்து, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை என்று ஏறி, பொங்கல் வரை ஓய்வதில்லை. டிசம்பரில் நிறுத்திக் கணக்கெடுப்பவர் அந்தப் பருவத்தை நடுவில் வெட்டிப் பார்க்கிறார். ஆன்மிகமும் சமையலும் எழுதுபவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். கல்வி, தேர்வு பற்றி எழுதுபவர்கள் மட்டும், பொதுத்தேர்வு முடிவுகளும் கல்லூரிச் சேர்க்கையும் முடிந்தபின் ஆகஸ்ட்டில் ஒருமுறை தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்வை எண்ணிக்கை எதிர்பார்த்த அளவில் பாதிகூட இல்லை. இந்த ஆண்டு வீணா?

பார்வை எண்ணிக்கையை மட்டும் வைத்து முதல் ஆண்டை மதிப்பிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து. புதிய தளத்தின் கட்டுரை தேடலில் தன் இடத்தை அடையப் பல மாதங்கள் ஆகும். ஆண்டின் பிற்பகுதியில் எழுதியவற்றின் பலன் இன்னும் கணக்குக்குள் வந்திருக்காது. சர்ச் கன்சோலில், சராசரி இடம் எட்டிலிருந்து இருபதுக்குள் இருக்கும் தேடல்சொற்களை வடிகட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தின் அடியிலும் இரண்டாம் பக்கத்திலும் நிற்கும் அந்தக் கட்டுரைகளே, சற்றுச் செப்பனிட்டால் அடுத்த ஆண்டில் வாசகரைக் கொண்டுவரக்கூடியவை.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, திரும்பி வருபவர்கள் எத்தனை பேர் என்பது. தேடலில் வந்து ஒரு பத்தி படித்துவிட்டுப் போகிறவரின் வருகை கூகுளின் முடிவைப் பொறுத்தது. தள முகவரியைத் தானே தட்டி வருபவரும், மின்னஞ்சலில் உங்கள் எழுத்தைப் பெறச் சம்மதித்தவரும், பதில் எழுதிக் கேள்வி கேட்பவரும் உங்களுக்காக வருகிறார்கள். அத்தகையவர்கள் நூறு பேர் சேர்ந்திருந்தாலும் அந்த ஆண்டை வீண் என்று சொல்ல மாட்டேன்.

தேடலில் தோன்றும் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் சொடுக்குகள் குறைந்திருக்கின்றன. என்ன நடக்கிறது?

தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையைக் காட்டும் வழக்கத்தைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 'ஒரு படி எத்தனை லிட்டர்', 'ஏகாதசி எப்போது' போன்ற ஒரு வரியில் தீரும் கேள்விகளுக்கு வாசகர் உள்ளே வரத் தேவையே இல்லாமல் போகிறது.

ஆகவே உங்கள் அட்டவணையில் இன்னொரு நிரலைச் சேர்த்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே, அதன் சாரத்தை மூன்று வரியில் சொல்லிவிட முடியுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். முடியும் என்று குறித்தவை வரும் ஆண்டுகளில் தேயும். ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்த்து எழுதியது, ஓர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதியது, ஒரு துறையில் பழகியவரிடம் நேரில் கேட்டு எழுதியது ஆகியவை அவ்வளவு எளிதில் சுருங்குவதில்லை. அடுத்த ஆண்டின் நேரத்தை எங்கே செலவிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பை நான் கண்டதில்லை.

பழைய கட்டுரைகளை என்ன செய்வது? சரியில்லாதவற்றை அழித்துவிடலாமா?

கூட்டமாக அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் அப்படியே விடுவது, திருத்தி எழுதுவது, ஒரே பொருளில் உள்ள இரண்டு மூன்றை ஒன்றாக்குவது என்ற வழிகளில் எது பொருந்தும் என்று பாருங்கள். ஒன்றாக்கும்போது பழைய இணைய முகவரிகளைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள்; அந்த முகவரிக்கு வேறு தளங்கள் கொடுத்த இணைப்புகளின் பயன் அப்போதுதான் கைவிட்டுப் போகாது.

ஆண்டுதோறும் வரும் பொருள்களுக்கு முகவரியில் ஆண்டு எண்ணைச் சேர்ப்பது நல்லதல்ல. தீபாவளியும் வைகுண்ட ஏகாதசியும் ஆங்கில நாள்காட்டியில் வெவ்வேறு நாளில் வருவதால் நாளை மாற்றியே ஆக வேண்டும். முகவரி பொதுவாக இருந்தால் அதே பக்கத்தைப் புதுப்பித்து, ஆண்டாண்டாகச் சேர்ந்த மதிப்பைத் தக்கவைக்கலாம். அதேபோல் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே விட்டால், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல இடங்களில் அது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாக மாறி நிற்கும். ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பதே வசதி.

எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் கவனியுங்கள். 'கோயில்' என்று எழுதியிருப்பீர்கள். வாசகர்களில் ஒரு பகுதியினர் 'கோவில்' என்றும், இன்னும் பலர் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்திலும் தேடுவார்கள். சர்ச் கன்சோலின் தேடல்சொல் பட்டியலில் இவை அப்படியே தெரியும். அதற்காக எல்லா வடிவங்களையும் கட்டுரைக்குள் திணிக்கக் கூடாது. துணைத்தலைப்பு ஒன்றில் இயல்பாக மற்ற வடிவம் வந்தால் போதும்.

ஆட்சென்ஸ் வருமானம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது? என் எழுத்தில் குறையா?

பெரும்பாலும் உங்கள் எழுத்தில் குறை இல்லை. தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2003-இல் தொடங்கப்பட்டாலும் தமிழைத் தான் ஆதரிக்கும் மொழியாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். இன்றும் தமிழ்ப் பக்கங்களுக்காகப் போட்டியிட்டு விலை கேட்கும் விளம்பரதாரர்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒரே கட்டுரையைக் கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் தமிழர்கள் படிக்கும்போது கிடைக்கும் தொகை, இங்கே படிக்கும்போது கிடைப்பதைவிட அதிகமாக இருப்பதும் இதனால்தான்: விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வாசகர் இருக்கும் சந்தை.

விளம்பரதாரர் கொடுப்பதில் ஏறத்தாழ 68 விழுக்காடு எழுதுபவருக்கு வருகிறது. 2024 முதல் சொடுக்குக்குப் பதிலாக, விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு பணம் கணக்கிடப்படுகிறது. கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணம் வெளியே வராது என்பதால், சிறிய தளங்களுக்கு அது மாதச் சம்பளம் போல வருவதில்லை. விளம்பர வருமானத்தைத் தளத்தின் பராமரிப்புச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, குடும்பச் செலவுக்கு வேறு வழியைத் திட்டமிடுங்கள்.

அந்த வேறு வழி எது? எதை நம்பி அடுத்த ஆண்டைத் திட்டமிடுவது?

வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தருவது, விளம்பரதாரர் கட்டணம் தந்து கேட்கும் பதிவு, இணைப்பின் வழியே பொருள் விற்றால் வரும் தரகு, சொந்த மின்னூலோ வகுப்போ, வாசகர் நேரடியாகத் தரும் ஆதரவு என்பவையே நடைமுறையில் உள்ளவை. முதல் ஆண்டில் பெரும்பாலானவர்களின் பணம் வாடிக்கையாளர் வேலையிலிருந்தே வந்திருக்கும். அதில் தாழ்வு எதுவும் இல்லை. ஆனால் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் வந்திருந்தால், அடுத்த ஆண்டின் முதல் வேலை அந்த விகிதத்தைக் குறைப்பதுதான். அவர் கையை விரிக்கும் மாதத்தில் உங்களுக்கு வேறு பிடிமானம் இருக்காது.

கட்டணத்தை உயர்த்தலாமா? எவ்வளவு?

நேரக் கணக்கு இல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: 1,500 சொற்களுக்கு 3,000 ரூபாய் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எழுதுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆனால் தகவல் திரட்ட மூன்று மணி, இரண்டு முறை திருத்தித் தர மூன்று மணி, தொலைபேசிப் பேச்சுக்கும் விலைப்பட்டியலுக்கும் பணத்தை நினைவூட்டுவதற்கும் ஒரு மணி என்று சேர்த்தால் மொத்தம் 12 மணி நேரம். ஆக, ஒரு மணிக்கு 250 ரூபாய். இணையம், மின்சாரம், தளச் செலவு, வரி ஆகியவை போக மிஞ்சுவது அதற்கும் கீழே.

முதலில் சொன்ன அட்டவணையில் நேரத்தைக் குறித்திருந்தால், எந்த வாடிக்கையாளர் குறைந்த கட்டணம் தருகிறார் என்பதைவிட, எவர் அதிக நேரத்தை விழுங்குகிறார் என்பதுதான் கண்ணை உறுத்தும். அவருக்குக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன், திருத்தம் ஒருமுறைதான், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்ற நிபந்தனையை எழுத்தில் வையுங்கள். உயர்வை முதலில் புதியவர்களிடம் சொல்லிப் பழகிவிட்டு, பழையவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே கடிதமாகத் தெரிவிப்பது கண்ணியமான முறை.

எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் பணம் வரவில்லை. கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உழைப்புக்கான பணத்தைக் கேட்பதால் கெடும் உறவு, தொழில் உறவாக இருந்ததே இல்லை. உங்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. எழுத்துச் சேவை தருபவர், சிறுதொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். இதற்கான அரசுத் தளத்தில் முறையிடவும் வழி உண்டு. பணம் நின்றுபோன பிறகு ஓடிப் பதிவு செய்வதைவிட, ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்துவைத்து, விலைப்பட்டியலில் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வலு இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் தராத தொகையை, அது உண்மையில் செலுத்தப்படும்வரை, வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் நெருங்கும்போது இதை மரியாதையாக நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், கணக்குப் பிரிவினரே கோப்பைத் தேடி எடுப்பார்கள்.

வாடிக்கையாளருக்கு எழுதியவற்றைத் தொகுத்து நான் நூலாக வெளியிடலாமா? அவை யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். வெளியிலிருந்து எழுதித் தருபவருக்கு இது அப்படியே பொருந்தாது. பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர், உரிமையை மாற்றித் தருவதும் கையெழுத்திட்ட ஆவணத்தின் வழியேதான் நடக்க வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆண்டுக் கணக்கின்போது, எந்தக் கட்டுரையின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அட்டவணையில் ஒரு நிரலை நிரப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவர்கள்கூட இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எழுதுபவரின் நிலையான சொத்து இதுதான். புதிய ஒப்பந்தங்களில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நூலாக வெளியிடும் உரிமை எனக்கு உண்டு என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பலர் தயங்காமல் தருகிறார்கள்.

வரி விஷயம் தலையைச் சுற்றுகிறது. குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருங்கள். வாடிக்கையாளர் உங்களுக்குத் தரும் பணத்தில் பிடித்துக்கொண்ட வரி உங்கள் பெயரில் செலுத்தப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் பாருங்கள். பிடித்தது போக ஆண்டுக்கு 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி வருமென்றால், பொது விதிப்படி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் நாளுக்குள் தவணையாக முன்வரி கட்ட வேண்டும். சம்பளத்தில் இருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆட்சென்ஸ் போல வெளிநாட்டிலிருந்து வரும் பணம் உள்ளவர்கள் ஒருமுறையாவது தணிக்கையாளரிடம் உட்கார்ந்து பேசுவது, அவர் வாங்கும் கட்டணத்துக்குத் தகும்.

கட்டணம் வாங்கி எழுதியது என்று வெளிப்படையாகச் சொன்னால் யாராவது படிப்பார்களா?

படிப்பார்கள். சொல்லாமல் எழுதி, பின்னால் தெரியவரும்போதுதான் போய்விடுவார்கள். வாசகரிடம் உண்மையாக இருப்பதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்று நினைக்கிறேன். அதைத் தவிர வேறெதையும் அடுத்த ஆண்டில் பேரம் பேசுங்கள். சட்டமும் அதையே சொல்கிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் தன் விதிமுறைகளை எளிய வடிவில் தந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரத்துக்குத் துணைநின்று பரிந்துரைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டத்தொகை விதிக்க முடியும்.

அறிவிப்பு கட்டுரையின் தொடக்கத்தில், தமிழில், தெளிவாக இருக்க வேண்டும். தரகு தரும் இணைப்புகளுக்கும் இது பொருந்தும். கடந்த ஆண்டின் பதிவுகளில் விடுபட்டிருந்தால், பழைய கட்டுரைகளைத் திருத்தும் வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதினால் அடுத்த ஆண்டு மூன்று மடங்கு எழுதலாமே. ஏன் கூடாது?

கூகுளின் நிலை இதில் வெளிப்படையானது. எந்தக் கருவியால் எழுதப்பட்டது என்பதைவிட வாசகருக்குப் பயன்படுகிறதா என்பதையே பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியில் சொன்னது. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை, எந்த வழியில் எழுதப்பட்டிருந்தாலும், குப்பையாகக் கருதும் கொள்கையை 2024 மார்ச்சில் கொண்டுவந்தது. மூன்று மடங்கு என்ற எண்ணமே அந்த இரண்டாவது கொள்கையின் வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் தரும் தமிழ் இலக்கணப் பிழை இல்லாமல் இருக்கும்போதும் ஆங்கில வாக்கியத்தின் எலும்பின் மேல் நிற்கிறது. ஊர்ப்பெயரும் சடங்கும் உணவும் வரும் இடங்களில் நம்பிக்கையோடு தவறு செய்கிறது. அதைத் திருத்தும் நேரத்தைக் கட்டண உயர்வு பற்றிய பதிலில் காட்டிய முறைப்படி கணக்கிட்டுப் பாருங்கள். சொந்தமாக எழுதும் நேரத்தோடு வேறுபாடு அதிகம் இருக்காது. நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்கும், நீண்ட ஆங்கில ஆவணத்தில் தேவையான பகுதியைக் கண்டுபிடிப்பதற்கும் பயன்படுத்துங்கள், அங்கே அது உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. வாடிக்கையாளருக்கு எழுதும்போது, பயன்படுத்துவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் அஞ்சுவது கூகுளின் தண்டனையை அல்ல. ஓராண்டு உழைத்து உருவான உங்கள் நடையை, திரும்பி வரும் அந்த நூறு பேர் எதற்காக வருகிறார்களோ அந்த நடையை, நீங்களே கைவிடுவதைத்தான்.

எல்லோரும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். சொந்தத் தளத்துக்கு இன்னும் செலவழிக்க வேண்டுமா?

வேண்டும். இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009-இல் மூடப்பட்டது. பதிவுகளைத் தொடர்ந்து படிக்கப் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையிலும், சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன. புதிய பதிவுகளை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றது. ஒவ்வொரு முறையும் வாசகரைப் பிறர் வாசலில் சேர்த்துவைத்திருந்தவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். முகநூல் வாசகரைக் கண்டடையும் இடமாக இருக்கட்டும். எழுத்து நிற்கும் முகவரியும் மின்னஞ்சல் பட்டியலும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தளத்தின் நகலையும் இறக்கி, கணினிக்கு வெளியே ஒரு வன்தட்டில் வையுங்கள். தள முகவரியின் புதுப்பிப்பு நாளையும், அது எந்த மின்னஞ்சல் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு எத்தனை கட்டுரை என்று இலக்கு வைப்பது?

கடந்த ஆண்டு உண்மையில் எழுதிய எண்ணிக்கையை எடுத்து, அதைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். கேட்பவர்கள் எப்போதும் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். ஆயினும் காரணம் இருக்கிறது. பழையவற்றைத் திருத்துவதற்கும், நேரில் சென்று விசாரித்து எழுதுவதற்கும், சொந்த நூலுக்கோ வகுப்புக்கோ தேவையான நேரத்துக்கும் வேறெங்கிருந்தும் இடம் பிறக்காது.

திட்டத்தைக் கட்டுரைப் பட்டியலாக எழுதாமல் பருவங்களாக எழுதுங்கள். தீபாவளிக் கட்டுரை தீபாவளிக்கு முந்தின வாரம் வெளியானால் தேடலில் இடம் கிடைப்பதற்குள் பட்டாசு வெடித்து முடிந்துவிடும். இரண்டு மாதம் முன்பாவது வெளியாக வேண்டுமென்றால், ஆவணியில் அது எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். தேர்வாணையத் தேர்வுகள் பற்றி எழுதுபவர்கள், தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் எதையும் நெருக்கி வைக்காதீர்கள்: கோடையில் வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், மின்தடையும் கல்யாணங்களும் இருக்கும்.

இப்போது வேலையில் இருந்துகொண்டே எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

இதற்கு வெளியிலிருந்து யாரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ஆனால் மூன்று செய்திகள் கையில் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வேன்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் எழுத்து வருமானம் மிகக் குறைவாக இருந்த மாதத்தின் தொகை, ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான சேமிப்பு, நிறுவனம் தந்துவந்த மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்று. சராசரி மாதத்தை வைத்துக் கணக்கிடுபவர்கள் குறைந்த மாதம் வரும்போது கடன் வாங்குகிறார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்திவந்த பங்கும் நின்றுவிடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு உங்கள் பணி ஒப்பந்தத்தையும் படியுங்கள். பணியில் இருக்கும்போது வேறு வருமானம் ஈட்டுவதைத் தடுக்கும் விதி பலவற்றில் உண்டு. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகளே தனியாக இருக்கின்றன.

தொடர விருப்பமே இல்லை. ஓராண்டோடு நிறுத்திக்கொள்வது தவறா?

தவறில்லை. முதலில் சலிப்பு எழுத்தின் மேலா, எழுதும் பொருளின் மேலா, ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் மேலா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் என்றால் நேரக் கணக்கே வழிகாட்டும். எழுத்தின் மேலேயே என்றால், சில மாதம் வாடிக்கையாளர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு சொந்தத் தளத்தை ஓய்வில் விடலாம்.

நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டால், முறையாக நிறுத்துங்கள். முன்பணம் வாங்கிய வேலைகளை முடித்துக் கொடுங்கள். மின்னஞ்சல் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அவர்களுடைய முகவரிகளை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டீர்கள் என்று உறுதி சொல்லி, பட்டியலை அழித்துவிடுங்கள். காலாவதியாகக்கூடிய மருத்துவ, சட்ட, நிதித் தகவல்கள் உள்ள கட்டுரைகளின் தலைப்பில், எந்த நாள் வரை சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பிடுங்கள். தள முகவரியை உடனே கைவிடாமல் இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்காவது புதுப்பித்து வையுங்கள்; கைவிடப்பட்ட முகவரிகளை வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளங்களாக மாற்றுவது அடிக்கடி நடக்கிறது, உங்கள் பெயரை நம்பி வரும் வாசகர் அங்கே போய் நிற்கக் கூடாது.